மூடியைத் திறப்பவள்

வேதியியல் படித்த ஒரு பெண், பகுதி ஒன்று தமிழுக்காக நான்கு பருவம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள், சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் விவரத்தாளைக் கையில் வைத்திருந்தாள். பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் தெளிவாக இருந்தன. ‘பணி’ என்ற இடத்தில் மட்டும் ‘தனியார் நிறுவனம்’ என்று மொட்டையாக அச்சடித்திருந்தார்கள். அவள் ஒரு பால் பண்ணை ஆலையில் வேலை செய்கிறாள். நியமன ஆணையில் அவளுடைய பதவியின் பெயர் ‘ரா மெட்டீரியல் ரிசீவிங் ஆபரேட்டர்’.

“இதத் தமிழ்ல எப்படிப் போடறதுங்க மேம்? பால் டெஸ்ட் எடுக்கறான்னு போட்டா ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க.”

‘மூலப்பொருள் ஏற்பு இயக்குநர்’ என்றேன். “இயக்குநர்னா சினிமாக்காரின்னு நெனச்சுக்குவாங்க மேம்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, கவிதையும் எழுதுகிற ஒருத்தியிடம் ஒரு பெண் தன் வேலைக்குப் பெயர் கேட்டாள். என்னிடம் பெயர் இல்லை. இது அகராதிச் சிக்கல் மட்டும்தான் என்றால் இந்தக் கட்டுரைக்குத் தேவையிருக்காது. அந்த வேலையைச் செய்யும் பெண் நம் எழுத்தில் எங்கும் நின்றதில்லை என்பதால்தான் பெயரும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் என்ன செய்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பால் வண்டிகள் வந்து நிற்கும் மேடையை ‘டாக்’ என்கிறார்கள். கேன்கள் இறங்கி உருளைப் பாதையில் வரிசையாக வரும். ஒவ்வொரு கேனின் மூடியையும் திறந்தவுடன் முதலில் மூக்கைக் கொண்டுபோக வேண்டும். மூடிக்கடியில் தேங்கியிருக்கும் வாசனை சில நொடிகளில் கலைந்துவிடும், அதற்குள் புளிப்பா, புகையா, தீவன வாடையா, மருந்து வாடையா என்று பிரித்தாக வேண்டும். பிறகு நிறம், தூசி, கையில் படும் வெப்பம். சந்தேகப்பட்ட கேனிலிருந்து கொஞ்சம் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிக்க வைப்பாள். திரிந்தால் அந்தக் கேன் உள்ளே போகாது. சாராயச் சோதனையும் உண்டு. பாலுக்குச் சம அளவு ஆல்கஹால் சேர்த்துக் குலுக்கினால், கெடத் தொடங்கிய பால் துணுக்குத் துணுக்காகப் பிரிந்துவிடும். மாவு கலந்திருந்தால் அயோடின் நீலம் காட்டும். இவற்றையெல்லாம் தாண்டிய பால் எடை போடப்பட்டு, தொட்டியில் கொட்டப்பட்டு, வடிகட்டிக் குளிர்விப்பானுக்குள் போகும். அங்கே 4 டிகிரிக்கு இறங்கும்.

கொழுப்பைக் கணக்கிட இன்று பெரும்பாலும் கருவி இருக்கிறது. ஆனால் கருவி சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கப் பழைய கெர்பர் முறைதான். 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் சேர்த்து அடைத்துக் குலுக்கினால் கண்ணாடிக் குப்பி கையைச் சுடும். பிறகு அதைச் சுழற்றி, மேலே திரண்டு நிற்கும் கொழுப்பை அளவுகோட்டில் படிக்க வேண்டும். அவளுடைய துப்பட்டாவில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருந்தன. அமிலம் தெறித்த இடங்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கட்ட வேறு துணி வைத்திருக்கிறாள்.

இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்துகொண்டே இருந்தது. அம்மா இந்த மேடையின் எதிர்ப்பக்கத்தில் முப்பது வருடம் நின்றவள்.

எங்கள் ஊர் கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூர். அம்மா விடியும் முன்பே கட்டுத்தரைக்குப் போய்ச் சாணி வழித்து, பால் பீச்சி, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடப்பாள். உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்தது. பதினைந்து நாளுக்கொருமுறை பட்டுவாடா வாங்கப் போவதும் அப்பாதான். அளக்கிறவர், டெஸ்ட் எடுக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் மூவரும் ஆண்கள். வரிசையில் போசியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிறுமியாக அம்மாவோடு போகும்போது இதில் எனக்கு எதுவும் தவறாகத் தெரிந்ததில்லை. கோயிலிலும் அப்படித்தானே இருந்தது.

ஒருநாள் டெஸ்ட் எடுக்கிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்: “பால்ல கொழுப்பக் காணமுங்க. ஊத்தறவங்ககிட்டத்தான் நெறைய இருக்குதாட்ட இருக்குது.” வரிசையே சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு போசியைக் கவிழ்த்து வாங்கிக்கொண்டாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

அம்மாவின் பாலில் கொழுப்பு குறைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மடியில் முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வரும் பாலில்தான் அதிகம். அம்மா கடைசிப் பாலைக் கறக்க மாட்டாள். அது கன்றுக்குட்டிக்கு. கன்று வயிறு நிறைந்தது, கணக்கில் கொழுப்பு இறங்கியது, விலையும் இறங்கியது. இதை அந்தப் பரிசோதகர் அறிந்திருப்பார். அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்கே இது பல வருடம் கழித்து அந்த மாணவி சொல்லித்தான் தெரிந்தது.

அந்தச் சிரிப்பை வைத்து என் முதல் தொகுப்பில் ஒரு கவிதை எழுதினேன். அதில் அளவைக்காரனுக்கு முகம் கிடையாது. மீசையும் பேனாவும் மட்டும் உண்டு. அம்மா பாலாகவே ஆகிவிடுகிறாள். அவளைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அவன் படிக்கிறான். அரங்குகளில் கைத்தட்டு வாங்கிய கவிதை. பாடத்தில் சேர்க்கவும் ஒருமுறை கேட்டார்கள்.

இன்று அந்தக் கவிதையை ஒரு விமர்சகராக வாசித்தால் இரண்டு குறை தெரிகிறது. ஒன்று, கவிதைக்கு அளவு என்றாலே வன்முறை. பாலை அளப்பதும் பெண்ணை அளப்பதும் அதற்கு ஒன்றுதான். உண்மையில் அம்மா அளவை எதிர்த்தவள் அல்ல. வீட்டில் அரிசியைப் படியில் போட்டுத் தலைதட்டி அளப்பவள், கடைக்காரன் தராசில் விரலை வைத்தால் கண்டுபிடிப்பவள். தன் பாலை ஒழுங்காக அளக்கவில்லை என்பதுதான் அவள் கோபம். இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்தக் கவிதையில் கருவியின் பக்கம் ஒரு பெண் நிற்கும் சாத்தியமே இல்லை. பெண் என்றால் கொண்டுவருபவள், ஊற்றுபவள், தலைகுனிபவள். அவளுடைய துயரத்தை உயர்த்திப் பிடித்த நான், அந்த மேடைக்கு மறுபக்கம் போகும் வழியை அவளுக்குக் கவிதைக்குள்ளேயே அடைத்துவிட்டேன்.

இது என் ஒருத்தியின் குறை மட்டும் இல்லை. நம் புனைகதை வேலைத்தலங்களுக்குள் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலை ‘தோல்’ நாவலாக்கினார். 2012இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தேயிலைத் தோட்ட எழுத்தில் கொழுந்து நிறுக்கும் இடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஈரத்துக்கு இத்தனை, கூடைக்கு இத்தனை என்று கழித்து எழுதும் கை அங்கே நமக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காட்சிகள் பொய்யில்லை. ஆனால் நான் வாசித்தவரையில் தராசுக்குப் பின்னால் நிற்பவரின் வேலையை ஒரு வேலையாக, அதற்கென்று அறிவும் களைப்பும் பயமும் உள்ளதாக எழுதிய பக்கங்கள் மிகக் குறைவு. அங்கே ஒரு பெண்ணை வைத்து எழுதியதை நான் கண்டதில்லை.

பால் கூட்டுறவைப் பற்றி இந்தியாவில் எடுக்கப்பட்ட மிகப் புகழ்பெற்ற படம் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’, 1976இல் வந்தது. குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். பால்காரர்களே தயாரிப்பாளர்களாக இருந்த அந்தப் படத்திலும் பாலைச் சோதித்து உண்மை விலையைச் சொல்பவர் நகரத்திலிருந்து வரும் மருத்துவர். கிரீஷ் கர்னாட் நடித்தது. மாடு வைத்திருப்பவள் கிராமத்துப் பெண். ஸ்மிதா பாட்டீல் நடித்தது. அவன் சோதிக்கிறான், அவள் பார்க்கிறாள். படம் முடியும்போது அவன் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். எனக்கு மிகவும் பிடித்த படம்தான். ஆனாலும் அந்தச் சோதனைக் குழாய் அவள் கைக்கு மாறுவதைப் படம் கற்பனை செய்யவில்லை என்பதை இப்போது கவனிக்கிறேன்.

பழைய இலக்கியத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பது வியப்பாக இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர் பெண் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு விற்கப் போகிறாள். மோருக்குத் தானியம் வாங்கி வீட்டாரை உண்ணச் செய்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் வருகிறது. பொன்னை அவள் கொள்ளவில்லை. அதற்கு ஈடாக எருமையும் பசுவும் பெறுகிறாள். வகுப்பில் இந்தப் பகுதியை முல்லை நிலப் பண்டமாற்றுக்குச் சான்று என்று இருபது வருடமாக நடத்துகிறேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்கிற பெண் அங்கே நிற்கிறாள் என்று ஒருமுறைகூட நடத்தியதில்லை.

‘கொள்’ என்ற வினையை நினைத்துப் பாருங்கள். பாலை வாங்குவதை இன்றும் கொள்முதல் என்கிறோம். கல்யாண உறவைக் கொள்வினை, கொடுப்பினை என்கிறோம். கொண்டான், கொடுத்தான் என்று உறவு சொல்கிறோம். இரண்டு ஆண்களுக்கு இடையே கைமாறும் பொருளாகப் பெண் அந்தச் சொற்களுக்கு நடுவே இருக்கிறாள். அதே நேரத்தில் தானே கொள்பவளாக, ‘இதை ஏற்கிறேன், இதை ஏற்கவில்லை’ என்று கையெழுத்துப் போடுபவளாகப் பகலெல்லாம் நிற்கும் ஒருத்தியின் விவரத்தாளில் அந்த வேலை ‘தனியார் நிறுவனம்’ என்று மறைக்கப்படுகிறது. அம்மா பயப்பட்டதில் அர்த்தம் இருக்கிறது. நிராகரிக்கும் அதிகாரமுள்ள மருமகளை எந்த வீடு கேட்டு வரும்?

பெண்கள் ஏன் இந்த மேடைக்கு வரவில்லை என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். முதல் காரணம் எடை. 40 லிட்டர் கேனில் பால் மட்டுமே 41 கிலோ இருக்கும், பெண்ணால் தூக்க முடியாது என்பார்கள். கேன் உருளைப் பாதையில் வருகிறது, இன்று பெரும்பகுதிப் பால் டேங்கர் லாரியில் குழாய் வழியாக வருகிறது. தலையில் புல்லுக்கட்டும் இடுப்பில் குடமுமாக நடக்கும் பெண்களிடம் எடை கேட்காதவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடிய வேலையில் மட்டும் எடை நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது காரணம் இரவு. இதில் உண்மை இருக்கிறது. மாடு இருவேளை பால் தரும். சாயங்காலம் கறந்த பால் ஊரூராகச் சேர்ந்து ஆலைக்கு வரும்போது இருட்டிவிடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சாயங்காலப் பால் அந்த ஒரு வரியாலேயே ஆண்களின் பாலாகிவிட்டது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, இரவுப் பணிக்குப் பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்தது. தடை போனது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஆலை வாசலில் இறங்கி ஊருக்குப் போக வண்டி, பூட்டக்கூடிய கழிப்பறை, கூட ஒரு பெண் ஆகியவை தீர்ப்போடு சேர்ந்து வந்துவிடவில்லை. என் மாணவியின் ஷிப்டில் அவள் மட்டும்தான் பெண்.

ஒரு பெண் அங்கே போய் நின்றுவிட்டால் தராசு நேராகிவிடுமா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடித்தால் நான் பெண்ணியத்தை வாழ்த்து அட்டையாக்கியவள் ஆவேன். அவள் சொன்ன ஒரு நாளின் கதை இது.

கோடைக்காலம். ஒரு சேகரிப்பு மையத்திலிருந்து காலைப் பால் பதினொரு கேன் வந்தது. மையத்தை நடத்தும் பெண் வண்டியிலேயே ஏறி வந்திருந்தார். அதுவே வழக்கத்துக்கு மாறானது. நான்காவது கேனின் மூடியைத் திறந்ததும் புளிப்பு. கொதிக்க வைத்தாள், திரிந்தது. மொத்தம் நான்கு கேன் தேறவில்லை. உள்ளே விட்டால் குளிர்விப்பானில் இருக்கும் பாலும் கெடும், அதைக் குடிக்கப்போவதும் யாரோ ஒருத்தியின் குழந்தை. நிராகரித்தாள்.

அந்தப் பெண் மேடைக்குக் கீழே நின்று கேட்டாராம்: “எம் பொண்ணு வயசு உனக்கு. நீயும் ஒரு பொம்பளதான கண்ணு?”

“எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல மேம்” என்றாள். பிறகு அந்தப் பெண்ணை மேலே கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு கேனிலிருந்தும் அவர் கண்ணெதிரே மறுபடி எடுத்து, மறுபடி காய்ச்சி, குழாயை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “எட்டு மணிக்கு வரவேண்டிய வண்டி பத்தே காலுக்குத்தான் வந்துச்சு. கேன் வெய்யில்லயே கெடந்துச்சு.” வண்டி ஆலை அமர்த்திய வண்டி.

பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. வழக்கமாக அதில் ‘புளிப்பு’ என்று ஒரு சொல் மட்டும் விழும். இவள் கொதிநிலைச் சோதனையில் திரிந்தது என்று எழுதி, வண்டி மையத்துக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தையும் போன நேரத்தையும் பக்கத்தில் எழுதினாள். மேற்பார்வையாளர் நேரத்தை அடிக்கச் சொன்னார். “நடந்ததத்தான சார் எழுதிருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். அதற்குள் அந்தப் பெண் அந்தப் பக்கத்தைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டுவிட்டார். இரண்டு மாதம் இவளைக் கேன் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். பிறகு ஆள் போதாமல் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த நான்கு கேனுக்குப் பாதிப் பணம் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். மீதிப் பாதி, முப்பது வீட்டுக் கட்டுத்தரைகளில் கழிந்தது.

விலைப் பட்டியலை அவள் போடவில்லை. வண்டி அவள் பேச்சைக் கேட்காது. பசும்பாலில் 3.2 சதவீதக் கொழுப்பும் 8.3 சதவீத இதரத் திடச்சத்தும் இருக்க வேண்டும் என்ற விதி அவளுக்கு மேலே இருக்கிறது. அவளிடம் இருந்தவை குழாயைக் கொண்டுவந்தவளின் கையில் கொடுப்பதும், பதிவேட்டின் ஒரு கட்டத்தை முழுதாக எழுதுவதும்தான். இவை பெண் என்பதால் வந்த இரக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஆணும் இதைச் செய்யலாம், செய்த ஆண்கள் இருப்பார்கள். அளவு யார் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். கொண்டுவருபவருக்குத் தெரியாத அளவு, எந்தப் பாலினத்தவர் கையில் இருந்தாலும் என் அம்மாவைப் பார்த்துச் சிரித்த அளவுதான். ஆனால் பல தலைமுறையாக அதைப் பார்க்க முடியாமல் நின்றவர்களின் மகள் அந்த மேடையில் ஏறும்போது, குழாயைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று தோன்றுவதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. பெண்ணியம் அந்தக் கொஞ்சத்துக்காகவும் வழக்காட வேண்டும். வண்டிக்காகவும் கழிப்பறைக்காகவும் அட்டையில் பெண்ணின் பெயருக்காகவும் கூட.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மாடு இல்லை. இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். நான்கு கேன் போச்சு என்றதும் முகம் சுருங்கியது. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“காட்டிப்போட்டுத்தான வேண்டாம்னா?”

“ஆமாம்மா.”

“அப்பச் செரி.”

அந்தக் கவிதையைத் தொகுப்பின் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கப்போவதில்லை. அந்தச் சிரிப்பு நடந்தது. ஆனால் அதில் அம்மா தலைகுனிந்து நிற்பதோடு முடிவது அவளுக்கு நான் செய்த இன்னொரு தவறு. அவள் அன்றைக்குக் கேட்க நினைத்தது என்ன என்று இப்போது தெரிந்திருக்கிறது. விவரத்தாளை மாற்றி அச்சடித்துவிட்டதாக அந்தப் பெண் போன வாரம் சொன்னாள். பணி என்ற இடத்தில் ‘பால் பரிசோதனை, கொள்முதல்’ என்று போட்டிருக்கிறாள்.